கையில கொஞ்சம் மண் வாசம்!

போன மாசம் ஒரு மெயில். சப்ஜெக்ட்ல 'சென்ட்'னு ஒரே வார்த்தை. ஏதோ கடை விளம்பரம்னு நினைச்சு அழிக்கப் போனவன், முதல் வரியைப் பார்த்து நின்னுட்டேன்.

'அண்ணா, மேல வாடை வராம இருக்க எந்த சென்ட் வாங்கலாம்? பட்ஜெட் 300 ரூபாய்.'

எழுதினது செகண்ட் இயர் பையன். காலையில நாலரைக்கு எழுந்து, ஏழரை வரைக்கும் வீடு வீடா தண்ணி கேன் போடறான். 20 லிட்டர் கேனைத் தோள்ல வெச்சு மூணாவது மாடி ஏறணும். லிஃப்ட் இருக்கற அபார்ட்மென்ட்லயும் கேன்காரங்களுக்கு லிஃப்ட் கிடையாதாம். வேலை முடிஞ்சதும் அப்படியே பஸ் பிடிச்சு காலேஜ். ஒருநாள் பெஞ்சுல பக்கத்துல இருந்தவன் எதுவும் சொல்லாம பேக்கை எடுத்துக்கிட்டு, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துட்டான். 'திட்டியிருந்தாகூடப் பரவால்லண்ணா. சொல்லாம போனதுதான்...' அப்படின்னு மூணு புள்ளி வெச்சு முடிச்சிருந்தான்.

அந்த மூணு புள்ளிதான் இந்த வாரப் பக்கம்.

முதல்ல என் பாவத்தைக் கொட்டிடறேன். ஃபைனல் இயர்ல எனக்கு ஒரு கேம்பஸ் இன்டர்வியூ. முந்தின நாள் ரூம்மேட்டோட டியோ டப்பாவைக் கேட்டு வாங்கி (கேட்டேனாங்கறதுல ரெண்டு கருத்து உண்டு), காலையில சட்டை மேல, பேன்ட் மேல, தலைமேலகூட விசிறிக்கிட்டுப் போனேன். வெயில்ல ஒரு மணி நேரம் வரிசை. உள்ளே போனா சின்ன ஏ.சி. ரூம். கதவைச் சாத்தின அரை நிமிஷத்துல எதிர்ல இருந்த மேடம் தும்ம ஆரம்பிச்சாங்க. அடுத்தடுத்து நாலு தும்மல். அஞ்சாவது கேள்வி 'கதவைக் கொஞ்சம் திறந்து விடறீங்களா?' அந்த இன்டர்வியூல நான் சரியா பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான்!

டியோ விளம்பரத்துல ஒருத்தன் அடிச்ச உடனே ஊரே திரும்பிப் பார்க்கும். எனக்கும் பார்த்தாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு.

அதனால தம்பிக்கு நேர்மையா ஒரு பதில் சொல்லணும்னு நினைச்சேன். வியர்வையை சென்ட் மறைக்காது. ரெண்டும் கலந்து மூணாவதா ஒரு வாடை வரும், அது ரெண்டையும்விட மோசம். இன்னொரு விஷயம், வியர்வைக்குக் கிட்டத்தட்ட வாசனையே கிடையாது. அக்குள்ல இருக்கற தனி ரக சுரப்பிகள் விடற கசிவை அங்க குடியிருக்கற பாக்டீரியாக்கள் உடைச்சுத் தின்னும்போது வர்றதுதான் அந்தப் பழைய வெங்காய நெடி. ஆக, நாத்தம் உழைப்போடது இல்ல. உழைச்சு முடிச்சு ஒரு மணி நேரம் நனைஞ்ச சட்டையோட பஸ்ல நிக்கறதோடது.

சட்டைன்னதும் இன்னொண்ணு. 2014-ல பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க 26 பேரை வியர்க்க வியர்க்க சைக்கிள் மிதிக்க வெச்சு, அவங்க டி-ஷர்ட்டுகளை ஒரு நாளைக்கு மேல வெச்சிருந்து மோந்து பார்த்திருக்காங்க (ஆராய்ச்சின்னா சும்மாவா!). பருத்தியைவிட பாலியஸ்டர் சட்டைதான் மோசமா நாறியிருக்கு. நாத்தம் கிளப்பற ஒரு வகை பாக்டீரியாவுக்கு பாலியஸ்டர்னா மாமியார் வீட்டு விருந்து மாதிரி. தம்பிகிட்ட போன்ல கேட்டேன், 'கேன் போடும்போது என்ன சட்டை?' 'கம்பெனி டி-ஷர்ட்ணா. வழவழன்னு இருக்கும்.' அதேதான்.

'குடோன்ல குளிக்க வசதி இருக்கா?'

'தண்ணி குடோன்ல தண்ணி இல்லாமலாண்ணா?'

சரி, அப்ப வேலை பாதி முடிஞ்சது. மீதிப் பாதிக்குத்தான் சென்ட். அதை எழுத்துல சொல்றதைவிட கையில காட்டறது நல்லதுன்னு தோணிச்சு. 'சனிக்கிழமை கேன் போட்டுட்டு, குளிச்சு, காட்டன் சட்டை போட்டுக்கிட்டு வா. ஒரு பெரிய மாலுக்குப் போவோம்.' 'மாலா? என்கிட்ட 300 தானேண்ணா?' 'வாங்கப் போகல. டெஸ்டருக்குக் காசு கிடையாது!'

நான் தேடிப் போனது ஒரே ஒரு பாட்டிலை. பேர் 'டேர் டெர்மெஸ்'. 'டேர்'னா பிரெஞ்சுல பூமி, மண். எர்மெஸ் கம்பெனிக்காக ழான்-க்ளோத் எல்லெனாங்கற பெர்ஃப்யூமர் 2006-ல செஞ்சது. சின்ன பாட்டிலே அஞ்சாயிரத்தைத் தாண்டும், அதனால வாங்கச் சொல்லி எழுதலை. புதுசா, சில்லுன்னு ஆரம்பிச்சு, மண்ணுக்குள்ள போய் முடியற ஆம்பளைங்க சென்ட்டுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

கவுன்ட்டர்ல இருந்தவர் எங்க செருப்பை ஒரு தடவை பார்த்துட்டு, பேப்பர் பட்டையில அடிச்சு நீட்டினார். தம்பி மோந்துட்டு 'ஆரஞ்சு'ன்னு திருப்பிக் கொடுத்தான். நிறைய பேர் இங்கதான் ஏமாறுவாங்க. பேப்பர்ல முதல் ரெண்டு நிமிஷம் பிடிச்சுதுன்னு பில் போட்டு, வீட்டுக்குப் போய் அழறது. பேப்பருக்குச் சூடு கிடையாது, எண்ணெய் கிடையாது. சென்ட் உயிரோட இருக்கறது தோல்மேலதான். அதனால கையை நீட்டினோம். மணிக்கட்டுக்கு மேல எனக்கு ஒரு அடி, அவனுக்கு ஒரு அடி. மணி 11.

அடிச்ச உடனே அவன் சினிமால பார்த்த மாதிரி ரெண்டு மணிக்கட்டையும் தேய்க்கப் போனான். 'டேய், விடு!' தேய்ச்சா சூடு ஏறி, முதல்ல வர வேண்டிய மெல்லிசான வாசனைங்க அவசரமாப் பறந்துடும். தானா காயணும். காயற வரைக்கும் மோந்தும் பார்க்கக் கூடாது. மூக்குல ஏறறது ஆல்கஹால்தான்.

ரெண்டு நிமிஷம் கழிச்சு மூக்கைக் கொண்டு போனா... ஆரஞ்சுத் தோலை மடிச்சு அடுத்தவன் கண்ணுல பீச்சுவோமே, அந்த நெடி! ஆரஞ்சு மிட்டாய் இல்ல, தோலோட கசப்பு. கூடவே பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு துவர்ப்பு, அது கிரேப் ஃப்ரூட். இந்த சிட்ரஸ் மூலக்கூறுகள் ரொம்ப லேசானவை, தோல் சூடு பட்டதும் ஓடிடும். பெர்ஃப்யூம்காரங்க இதை 'டாப் நோட்'னு சொல்வாங்க. ஆயுசு பதினஞ்சு நிமிஷம், மிஞ்சிப்போனா அரை மணி. இதை நம்பி வாங்கறது, ட்ரெய்லரைப் பார்த்துட்டு படத்துக்கு அம்பது மார்க் போடற மாதிரி.

பதினொண்ணரைக்கு வெளிய வந்து நிழல்ல உட்கார்ந்தோம். ஆரஞ்சு பின்னாடி போய், மிளகு வந்திருந்தது. அதோட ஒரு விசித்திரமான வாசனை. தம்பி ரொம்ப நேரம் யோசிச்சு, 'சின்ன வயசுல ரெண்டு வெள்ளைக் கல்லை இருட்டுல உரசுவோமேண்ணா, பொறி வர... அது' என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஏன்னா எல்லெனா அங்க வெச்சதா சொல்லப்படறதே சிக்கிமுக்கிக்கல்லைத்தான்! கல்லுக்கு ஏது எண்ணெய்? பிழிய முடியாது, காய்ச்ச முடியாது. வேற வேற பொருட்களைக் கூட்டிச் சேர்த்து மூக்குக்குக் காட்டற ஒரு கண்கட்டு வித்தை அது. கேட்லாக் படிக்காத பையன் அதைக் கரெக்டா பிடிச்சுட்டான்.

மத்தியானம் ஒரு மணிக்கு பரோட்டா கடை. (சால்னா எதிர்ல சென்ட் டெஸ்ட் பண்ணாதீங்க. அனுபவம்.) கை கழுவும்போது மணிக்கட்டை மட்டும் காப்பாத்தி வெச்சோம். இங்கதான் ரெண்டு பேர் கையும் பிரிய ஆரம்பிச்சது. என் கையில பென்சில் சீவின வாசனை, காஞ்ச மரம். அது செடார், பென்சிலுக்கும் பயன்படற மரம். நல்லாத்தான் இருந்தது, ஆனா மெலிசு. நடுவுல பத்து நிமிஷம் காணவே காணோம், அப்புறம் காத்துல எங்கிருந்தோ திரும்ப வந்தது. இதுக்கும் காரணம் இருக்கு. ஐசோ ஈ சூப்பர்னு ஒரு செயற்கைப் பொருள் இந்த பாட்டில்ல பெரிய அளவுல இருக்கு. நம்ம மூக்கு அதை விட்டு விட்டுத்தான் பிடிக்கும், சிலருக்குப் பிடிபடவே பிடிபடாது. நமக்கு மோந்தா வரலியேன்னு இன்னும் நாலு அடி அடிச்சா, பக்கத்துல இருக்கறவன் கதி அந்த இன்டர்வியூ மேடம் கதிதான்.

அவன் கையில? மிளகு இன்னும் போகலை. அதுக்குக் கீழே ஈரமா, இருட்டா, ஏதோ ஒண்ணு வந்துக்கிட்டிருந்தது.

என் தோல் வறண்டது, குளிர் காலத்துல நகத்தால கோடு போட்டா பேர் எழுதலாம். வறண்ட தோல்ல சென்ட் பிடிச்சுக்க எதுவுமில்லாம சீக்கிரம் ஆவியாகிடும். எண்ணெய்ப் பசை இருக்கற தோல் வாசனை எண்ணெயைக் கரைச்சு வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடும். உடம்பு சூடும் சேர்ந்தா இன்னும் நல்லா விரியும். (வறண்ட தோல்காரங்க அடிக்கறதுக்கு முன்னாடி வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெயோ தடவிக்கலாம். தேங்காய் எண்ணெய்க்கே ஒரு வாசம் இருக்கு, ஜாக்கிரதை.) ஒரே பாட்டில், ஒரே நிமிஷம், ஒரே அடி. அவன் தோல் ஜெயிச்சுக்கிட்டே இருந்தது. அதை அவன்கிட்ட சொன்னேன். 'சும்மா சொல்றீங்கண்ணா'ன்னான். என் கையையும் நீட்டினேன். மாத்தி மாத்தி மோந்தான். பரோட்டா மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

மூணு மணிக்கு பஸ்ல திரும்பும்போது, ஜன்னல் சீட்ல இருந்தவன் திடீர்னு 'பாட்டி வீட்டுப் பானைண்ணா'ங்கறான்.

'என்னது?'

'எங்க பாட்டி மண்பானையில தண்ணி ஊத்தி உள்ள ஒரு வேர் போட்டு வைக்கும். அந்த வாசம்ணா இது!'

கரெக்ட். அதே வேர். வெட்டிவேர்!

இந்த சென்ட்டோட அடித்தளமே அதுதான். பிரெஞ்சுல, இங்கிலீஷ்ல, உலகம் முழுக்க பெர்ஃப்யூம் அட்டையில 'வெட்டிவர்'னு அச்சடிக்கற அந்த வார்த்தை வேற எங்கிருந்தும் போகலை, நம்ம 'வெட்டிவேர்'தான். வெட்டி எடுக்கற வேர், அவ்வளவுதான் அர்த்தம். பாண்டிச்சேரிப் பக்கம் கடைவீதியில கூவி விக்கற பொருளை, பாரிஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. கார்வென் கம்பெனி 1957-லயே 'வெட்டிவர்'னே பேர் வெச்சு ஆம்பளைங்க சென்ட் விட்டது. அப்புறம் ஜிவான்ஷி, கெர்லான்னு வரிசையா அதே பேர்ல வந்தாங்க. 2002-ல டொமினிக் ரோபியோன் செஞ்ச ஒண்ணுல கால் பங்கு வெட்டிவேர் சமாச்சாரம்தான்னு சொல்லியே வித்தாங்க.

பார்க்க அது சாதாரணப் புல்லு. மேல ஒண்ணும் மணக்காது, மணக்கறதெல்லாம் மண்ணுக்குள்ள. வேர் பக்கவாட்டுல போகாம நேரா கீழே இறங்கும், மூணு மீட்டருக்கு மேலகூடப் போகும். அதனாலதான் மண் அரிப்பைத் தடுக்கக் கரையோரங்கள்ல நடறாங்க. கடலூர் கடலோர மணல்ல நம்ம ஆளுங்க இதைப் பயிரா வெச்சிருக்காங்க. ஆனா பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்கு எண்ணெய் அதிகம் போறது ஹைட்டியிலேருந்து. அங்க தெற்குப் பக்கத்து விவசாயிங்க தோண்டி எடுக்கற வேர்தான் பாரிஸ் பாட்டில்கள்ல பாதிக்கு மேல இருக்கும். வேரைக் கழுவி, நறுக்கி, மணிக்கணக்கா ஆவியில வேக வெச்சாத்தான் கெட்டியா, தேன் மாதிரி கொஞ்சம் எண்ணெய் இறங்கும். அவசரப்பட்டா வராது, ஏன்னா அதுல இருக்கற மூலக்கூறெல்லாம் ஆரஞ்சோடதைவிடப் பெருசு, கனம். சுலபத்துல பறக்காது. அதே காரணத்துக்காகத்தான் தோலைவிட்டும் சுலபத்துல போகாது. ஆரஞ்சு ஓடிப்போய் நாலு மணி நேரம் கழிச்சும் வேர் நிக்கறது அதனாலதான்.

மண்வாசனைன்னதும் முதல் மழை ஞாபகம் வருமே, அது வேற சங்கதி. அந்த வாசனைக்கு 1964-ல ஆஸ்திரேலியாவுல இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு பேர் 'பெட்ரிக்கோர்'னு பேர் வெச்சாங்க. அதுல முக்கியமான ஆள் ஜியோஸ்மின், மண்ணுல இருக்கற நுண்ணுயிர்கள் செய்யற சரக்கு. ஒரு லட்சம் கோடியில சில பங்கு இருந்தாகூட நம்ம மூக்கு கண்டுபிடிச்சுடும். உத்தரப்பிரதேசத்துல கன்னோஜ்ங்கற ஊர்ல இந்த வாசனையையே பிடிச்சு விக்கறாங்க. சுட்ட களிமண்ணைச் செப்பு அண்டாவுல வேகவெச்சு, ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள்ள இறக்கினா 'மிட்டி அத்தர்'. மழையை பாட்டில்ல அடைச்ச புண்ணியவான்கள்! அதே ஊர்ல வெட்டிவேரையும் காய்ச்சி 'கஸ்'னு விக்கறாங்க. ஆல்கஹால் இல்லாத அத்தர், ஒரு சொட்டு போதும். திருவல்லிக்கேணி அத்தர் கடைகள்ல கேட்டா சின்னக் குப்பியில தருவாங்க. ரொம்ப மலிவா இருந்தா அசல் கிடையாதுன்னு தெரிஞ்சுக்கங்க. எதுவா இருந்தாலும் முழங்கையோட உள்பக்கம் ஒரு சொட்டு வெச்சு ஒரு நாள் பாருங்க. அரிச்சா அது நம்ம சரக்கு இல்ல.

சரி, 300 ரூபாய்க்கு வருவோம். பஸ்லயே கணக்குப் போட்டோம். பழைய காட்டன் சட்டை ஒண்ணு கேன் வேலைக்கு, கம்பெனி டி-ஷர்ட்டைக் கழட்டிட முடியாதுன்னா உள்ள காட்டன் பனியன். குடோன்ல குளிச்சு, துடைச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு காலேஜ் சட்டை. ஈரத்துமேல போட்டா எல்லாம் வேஸ்ட். குளிச்ச ஈரத்துல அக்குள்ல படிகாரக் கட்டியை ஒரு தேய் தேய்ச்சுக்கிட்டா அந்த பாக்டீரியா கும்பல் அடங்கும். ஷேவ் பண்ணின அன்னிக்கு மட்டும் வேண்டாம், எரிச்சல்ல டான்ஸ் ஆடுவீங்க. நாட்டு மருந்துக் கடையில கொஞ்சம் வெட்டிவேர் வாங்கி ராத்திரியே வாளித் தண்ணியில ஊறப்போட்டு, காலையில கடைசிச் சொம்பா ஊத்திக்கலாம். மீதிக் காசுக்கு சின்னக் குப்பி கஸ் அத்தர். கழுத்துக்குக் கீழே, சட்டைக்குள்ள ஒரே சொட்டு. ஒரு கை தூரத்துல இருக்கறவனுக்கு வாசம் தெரியக் கூடாது. பக்கத்துல வந்தவனுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்.

'பக்கத்துல வந்தாத்தானேண்ணா'ன்னு சொல்லிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சொல்லாம எழுந்து போன அந்தப் பையனும் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம். படிச்சா ஒண்ணு சொல்லிக்கறேன் தம்பி, உன் மேல கோபமில்லை. மூக்கு என்ன பண்ணும்? தனியாக் கூப்பிட்டு 'மச்சி, ஒரு சட்டை எக்ஸ்ட்ரா வெச்சுக்கோடா'ன்னு சொல்லியிருந்தா, எனக்கு இந்த மெயிலே வந்திருக்காது. காலேஜ்ல அதைச் சொல்ல ரெண்டே பேராலதான் முடியும். அம்மாவாலயும், பக்கத்து பெஞ்சாலயும். அம்மா காலேஜுக்கு வர மாட்டாங்க.

ஆறு மணிக்கு அவன் ஸ்டாப்ல இறங்கினான். என் கையில அப்ப ஒண்ணுமில்ல, மூக்கைத் தோல்ல அழுத்தினா லேசா ஒரு மரத்தூள். அவன் டாட்டா காட்ட நீட்டின கையில வெட்டிவேர் நல்லா, உருண்டு திரண்டு, ஏதோ மழை பெய்ஞ்ச தோட்டத்துலேருந்து வந்தவன் மாதிரி இருந்தது. ஏழு மணி நேரம், ஒரே அடி. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ராத்திரி 9.45-க்கு மெசேஜ் வந்தது.

'அண்ணா இன்னும் இருக்கு. அம்மாகிட்ட கையைக் குடுத்தேன். எங்கடா பானை உடைச்சேன்னு கேக்குது.'